மூன்றாம் தொட்டியின் உப்பு

புனலின் விளிம்பைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தாள். மேலே தெளித்த மெத்தனால் திரவம் வழிந்து வந்தது.

ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தெளித்தால் போதும். சுவரில் ஒட்டியிருப்பதையெல்லாம் அது கரைத்துக்கொண்டு இறங்கும். குனிந்து, புனலில் ஏந்தி, புட்டியில் சேர்க்க வேண்டும். வெறும் விரல் பட்டாலே சோதனை கெட்டுவிடும்.

கையுறை போட்டிருந்தாள்.

மூச்சுப் பட்டு மங்கியதால் பாதுகாப்புக் கண்ணாடியை மட்டும் ஹெல்மெட்டின் மேல் ஏற்றியிருந்தாள்.

கப்பலின் மூன்றாம் தொட்டி. நான்கு மாடி உயர எஃகு. அடுத்த சரக்கை ஏற்றுமுன் அது சுத்தமா என்று சோதித்துக் கையெழுத்திடுவது அவள் வேலை. மேலே விசிறி மார்கழிக் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

தொட்டியைக் கழுவிய ஆட்களின் தலைவர், போசன் ரெஜிஸ், பக்கத்தில் டார்ச் பிடித்து நின்றார்.

“இது தேறிட்டா இங்கயே எறங்கிருவேன் மேடம். நாளைக்கு சர்ச்சுல மகளுக்குப் புதுநன்மை. தேறலன்னா வெளிக்கடலுக்குப் போயி மறுபடி கழுவணும். என்னையும் இழுத்துட்டுப் போயிருவானுவ.”

தலையசைத்தாள்.

மேல்தள அறையில், புட்டியில் சேர்ந்ததைச் சோதனைக் குழாயில் ஊற்றி, சில்வர் நைட்ரேட் சொட்டுகள் விட்டாள்.

தொட்டியை முதலில் கடல்நீரால் கழுவுவார்கள். பிறகு நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர் போதாவிட்டால் சுவரில் உப்பு தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சொட்டுகளில் உள்ள வெள்ளி அதைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்ளும். அப்போது குழாய் வெளுக்கும்.

பத்து நிமிடம் இருட்டில் வைக்க வேண்டும்.

அந்தப் பத்து நிமிடம் அவள் எதையும் நினைக்கவில்லை.

தம்பியை எரித்து ஒன்பது நாள். பைக்கில் போய் அடிபட்டவன். வீட்டில் கூடியிருந்தவர்களிடம் சித்தி சொன்னது காதில் விழுந்தது. “ஒரு சொட்டு விட்டாளா பாரு. கல்லு.”

அவளும் அழ முயன்று பார்த்திருந்தாள். எதுவும் வரவில்லை. எட்டாம் நாளே வேலைக்கு வருவதாகச் சொல்லிவிட்டாள்.

குழாயைக் கறுப்பு அட்டையின் மேல் வைத்தாள்.

பால் டம்ளர் கழுவிய தண்ணீர் போல இருந்தது.

மறுபடி இறங்கி, எதிர்ச் சுவரில் எடுத்தாள். மறுபடி பத்து நிமிடம்.

வெள்ளை.

“நல்ல தண்ணி மூணு தரம் அடிச்சேன் மேடம். புள்ள மேல சத்தியமா.”

அவருடைய பெட்டி கதவருகே, பூட்டுப் போட்டு, தயாராக நின்றது.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்: தேறியது, தேறவில்லை. பேனா இரண்டாவது கட்டத்துக்கு மேல் நின்றது.

எங்கே தவறு என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். அதுதான் முறை. புட்டி புதியது. புனல் கழுவியது. சுவரை மாற்றியாயிற்று.

மிச்சம் இருப்பது அவள்.

“இன்னொரு தடவ போவோம். புனல நீங்க புடிங்க.”

இந்தமுறை அவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எட்டி நின்றாள். முதலில் எடுத்த இடத்துக்கு அடுத்த கையகலம். ரெஜிஸ் மூச்சை அடக்கிக்கொண்டு ஏந்தினார்.

பத்து நிமிடம்.

குழாயின் வழியே கறுப்பு அட்டை கறுப்பாகவே தெரிந்தது.

முதல் கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ரெஜிஸ் சிரித்தார். நன்றி சொல்ல நிமிர்ந்து அவள் கன்னத்தின் ஈரத்தைப் பார்த்தவர், சட்டென்று பெட்டியைக் குனிந்து எடுத்தார்.

“புனல்ல விழுந்தது வேர்வையா இருக்கும் மேடம்.”

போய்விட்டார்.

வியர்வை என்றால் முதலில் ஹெல்மெட்டின் நெற்றிப் பட்டை நனையும்.

கழற்றி, உட்பக்கம் தடவிப் பார்த்தாள்.

காய்ந்திருந்தது.

மேசையில் வெள்ளையாக இரண்டு குழாய்கள். கெட்ட மாதிரிகளைக் கழிவு டப்பாவில் கொட்டிவிட வேண்டும் என்பது விதி.

அவள் அந்த இரண்டுக்கும் மூடிகளைத் தேடினாள்.