புரோபேட்டை வென்றவர்

குடும்ப வரலாற்றில் பொன்னெழுத்துகளில் பொறிக்கவேண்டிய அறிவிப்பு ஒன்று அன்று காலை பத்து மணிக்கு வெளியானது. இரும்புக்கடையை விற்றுவிட்டு ஓய்விலிருந்த அப்பா, மகனையும் மகளையும் ஹாலில் உட்காரவைத்துத் தொண்டையைச் செருமினார். பக்கத்தில் வக்கீல் நெளிந்துகொண்டிருந்தார்.

"உயில் எழுதினா, எனக்கப்புறம் அந்த உயில் செல்லும்னு புரோபேட் வாங்க நீங்க கோர்ட்டுக்கு நடையா நடக்கணும். அதனால இப்பவே இந்த வீட்டை உங்களுக்குச் செட்டில்மென்ட் எழுதிடப்போறேன். எப்படி என் மூளை?"

அம்மா காபியோடு வந்தாள். முப்பது வருஷமாக அந்த மூளை அவளை யோசனை கேட்டதில்லை.

"சார்... வீடு அம்மா பேர்ல இருந்தது" என்றார் வக்கீல்.

"இருந்ததா?"

"கடைக் கடன்ல வீடு போயிடக்கூடாதுன்னு நீங்கதானே என் பேர்ல வாங்கினீங்க!" என்றாள் அம்மா. "போன மாசமே இந்த வக்கீல் சாரை வச்சுப் புள்ளைங்களுக்கு எழுதிட்டேன். நம்ம காலம் வரைக்கும் நாம இங்கதான். பயப்படாதீங்க."

பிள்ளைகள் காபி டம்ளருக்குள் சிரித்தார்கள்.

"அப்போ என் பேர்ல என்னதான்யா இருக்கு?"

"ஸ்கூட்டர், சார்."

அப்பா மகனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

ஸ்கூட்டர் யாருக்கும் வேண்டாமாம்.