இடது பக்கம் ஒரு விரல்

அமெரிக்காவின் விஸ்கான்சினுக்குக் குடிவந்த கையோடு கர்ட்டிஸ் புது வில் ஒன்றை வாங்கிவிட்டான். சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குகிறது; அவனுக்கோ அம்பைப் பூட்டக்கூடத் தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மார்லிஸ் தன் கணவருக்கு அம்பு விடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இடது பக்கம் ஒரு விரல். கொஞ்சம் கீழே. போதும், விடு ஹார்லன்!"

பழகுவதற்காக நிறுத்தியிருந்த ரப்பர் மானின் நெஞ்சில் அம்பு தைத்தது.

கர்ட்டிஸ் வேலியோரம் போனான். "மேடம், எனக்கும் கத்துத் தருவீங்களா? உங்க வீட்டுக்காரர் நல்லாத் தேறிட்டாரே!"

மார்லிஸ் சிரித்துவிட்டாள். "போன வருஷம்வரை நான் வில்லைத் தொட்டதுகூட இல்லீங்க. முப்பது வருஷமா வேட்டைக்குப் போறவர் இவர்தான். இவரையே கேளுங்க."

"அப்புறம் ஏன் நீங்க அவருக்கு..."

"இவ சொல்லலேன்னா உங்க ஜன்னல் கண்ணாடிதான் உடையும்," என்று சிரித்தபடி ஹார்லன் வேலிக்கு மேலே கையை நீட்டினார். "நாளைக்குக் காலையில வாங்க தம்பி, பழகிடலாம்."

அந்தக் கை கர்ட்டிஸுக்கு நாலடி தள்ளி, ஆளில்லாத இடத்தில் நீண்டிருந்தது. அவர் முகமும் அங்கேதான் திரும்பியிருந்தது.

"போன வருஷம் பார்வை போயிடுச்சு," என்றாள் மார்லிஸ். "வேட்டையை விட்டுட இவருக்கு மனசு வரல. அதான் குறி பார்க்க நான் கத்துக்கிட்டேன்."

கர்ட்டிஸ் நாலடி நகர்ந்து, அந்தக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.