வளைவில் மூன்று ஆரன்

"அந்தப் பாட்டு இங்க போடறதில்லே நைனா. வேற இன்னா பிளேட்டு வேணும்னாலும் கேளு."

டீக்கடை பக்கீர் முகம்மது கிராமபோன் பெட்டியை மூடினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூவராகவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. பட்டணத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரும் வரை, பஸ் நின்ற கடையிலெல்லாம் அந்த லாரிப் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன் பாய், ஊரே பாடுது. உங்களுக்குப் பிடிக்கலையா?"

"பாட்டு நல்லாத்தான் கீது. எழுதினவன் கையில கெடைச்சா, ஒரு டீயக் குடுத்துட்டு நாலு வார்த்தை கேப்பேன்."

"டீ குடுத்துட்டீங்க. வார்த்தையைக் கேளுங்க. எழுதினவன் நான்தான்."

பக்கீர் முகம்மது அவனை ஏற இறங்கப் பார்த்தார். தோள் துண்டால் பெஞ்சைத் துடைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

பூவராகவனே சொன்னான். "போன வருஷம் நெல்லூர்லேருந்து அரிசி லாரியில வந்தேன் பாய். முன்னால இடமில்லே. மூட்டை மேல படுத்திருந்தேன். பொழுது சாயற நேரம். அதோ, அந்த வளைவுல லாரி நின்னுது. டிரைவர் மூணு தரம் ஆரன் அடிச்சார். அந்த ஓட்டு வீட்டுலேருந்து ஒரு பொண்ணு தலைகூட முடியாம ஓடி வந்தா. நேரா லாரிக்கு முன்னால போனா. மேலேருந்து எனக்கு ஒண்ணும் தெரியலே. டிரைவர் என்னமோ தணிஞ்ச குரல்ல சொன்னார். அப்புறம் லாரி கிளம்பிடுச்சு. பட்டணம் போய்ச் சேர்றதுக்குள்ள பாட்டு முடிஞ்சுபோச்சு."

"டிரைவரை இன்னா ஏதுன்னு கேக்கலியா?"

"கேட்டா பாட்டு வந்திருக்குமா பாய்?"

பக்கீர் முகம்மது சிரிக்கவில்லை.

சாலையில் ஒரு லாரி வந்தது. வளைவில் வேகம் குறையாமலே மூன்று தரம் ஆரன் அடித்தது. கிளீனர் தலையை வெளியே நீட்டி, ஓட்டு வீட்டைப் பார்த்து, "மூணு ஆரன் அடிச்சாச்சு, முன்வாசல் வா புள்ளே" என்று இழுத்துப் பாடினான். லாரி சிரித்துக்கொண்டே போய்விட்டது. வீட்டுக் கதவு திறக்கவில்லை.

"என் வரி" என்றான் பூவராகவன். "ஆனா அவ வரலையே?"

"மொதல்ல வந்துகினுதான் இருந்தா. உன் பாட்டு வந்தப்புறம் ஒரு நாளைக்கு நாப்பது வண்டி அடிக்குது. ஒவ்வொண்ணுக்கும் கையில இருக்கறதப் போட்டுட்டு ஓடியாருவா. இவனுங்க இளிச்சுக்கினே போவானுங்க. ஒரு மாசம் பேஜாருபட்டா. அப்பால கதவைச் சாத்திக்கினா."

"அவ பேர் என்ன பாய்?"

"கெங்கம்மா."

பூவராகவன் பையிலிருந்து புடவை ஒன்றை எடுத்தான். நல்ல சிவப்பு. "அவளுக்குத்தான். கம்பெனியில அடுத்த பாட்டு கேக்கறாங்க. மூணு மாசமா ஒரு வரி வரலே. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கலேன்னா வேற ஆளை வெச்சுக்குவாங்க. அவ கதை தெரிஞ்சா போதும், எழுதிடுவேன். அந்த டிரைவரையே கட்டிக்கிட்டாளா?"

பக்கீர் முகம்மது புடவையை வாங்கி, மடிப்புக் கலையாமல் மறுபடி பைக்குள் வைத்தார்.

"இத்த அவகிட்ட காட்டாதே நைனா."

"ஏன் பாய்?"

"அவ புருசன் அரசப்பன். அவனும் லாரி ஓட்டினவன்தான். மண்டையில அடிபட்டு புத்தி பெசகிப்போச்சு. கொல்லப்பக்கமா ஊட்டுலேருந்து நழுவினான்னா நடு ரோட்டுல வந்து குந்திக்குவான். வண்டி ஓட்டறதா நெனப்பு. கை ரெண்டும் சக்கரத்தத் திருப்பிகினே இருக்கும். வேற யாரு தொட்டாலும் கடிப்பான். அதனால நம்ம டிரைவருங்க வண்டிய நிறுத்திட்டு மூணு தரம் ஆரன் அடிப்பாங்க. அவ வந்து கையப் புடிச்சு இட்டுகினு போவா."

பூவராகவன் கையில் டீ ஆறிப்போயிருந்தது.

"போன ஆடியில ஒரு வண்டி நின்னு அடிச்சுது. பின்னாலேருந்து அதை முந்திகினு வந்த வண்டிக்கு அவன் குந்தியிருந்தது தெரியலே" என்றார் பக்கீர் முகம்மது. "மூணு ஆரனும் அவ காதுல உழுந்துச்சாம் நைனா. உன் பாட்டுன்னு நெனச்சுகினு உள்ளயே குந்திகினு இருந்துட்டா."