சித்திரை வெயிலில் ஒரு பொன்னாடை

சேரிக்காரர்கள் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது என்றிருந்த தெருவை வழக்காடித் திறந்துவிட்டவர் வக்கீல் மாசிலாமணி. சேரியில் பிறந்த அவருக்கு, தலை நரைத்த பிறகு அதே தெருவில் பாராட்டு விழா வைத்தார்கள். பொன்னாடைக்காக அவர் தலையைக் குனிந்து கொடுத்தார். மற்ற விருந்தினர்களுக்கெல்லாம் தோளைத் தொட்டுப் போர்த்திய ஊர்த்தலைவர் ரத்தினவேலு, இவருக்கு மட்டும் மடிப்புக் கலையாமல் தள்ளி நின்று நீட்டினார்.

"கையிலயே வாங்கிக்குங்க சார். வெயில் கொளுத்துது."

"போர்த்தி விடுங்க தலைவரே. எனக்குக் குளிருது."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சார், கொஞ்சம் நிமிருங்க," என்றார் போட்டோக்காரர்.

மாசிலாமணிக்குப் பிடரி வலித்தது. நிமிரவில்லை.

"அவர் போர்த்தட்டும் தம்பி. அப்புறம் எடு."

கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.