பாலத்தடியில் கிடைத்த கல்

"மறுபடியும் கல்லா? கொட்டகையில கால் வைக்க இடமில்ல. இது வீடா, செகி ஆறா?"

ஹருயோ திட்டத் தொடங்கியதும் அவள் கணவர் தெய்ஜி குழந்தைபோலச் சிரித்தார். கையில் ஈரம் காயாத பச்சைப் பாறைத் துண்டு. அதில் மாதுளை முத்துகள் பதித்தாற்போல் சிவப்புக் கார்னெட் மணிக்கற்கள்.

"பாலத்துக்கு அடியிலேயே கிடந்ததுடி! பூமிக்குள்ள சூட்டுலயும் அழுத்தத்துலயும் பாறை உருமாறும்போதுதான் இது விளையும், தெரியுமா?"

"சூடும் அழுத்தமுமா? அப்போ உங்க வீட்டுச் சமையலறையிலேயே விளையுமே" என்றார், தேநீர் குடிக்க வந்திருந்த பக்கத்து வீட்டு ஒகுபோ.

தெய்ஜி கல்லைக் கழுவக் கொல்லைப்பக்கம் போனதும் ஒகுபோ குரலைத் தாழ்த்தினார்.

"ஹருயோ, காலையில வண்டியில முள்ளங்கிக்கு அடியில எதையோ மறைச்சு ஆத்துக்குத் தள்ளிட்டுப் போனீங்களே?"

அவள் முகம் வெளிறியது. "ஐயோ, சொல்லிடாதீங்க! ரிட்டயர் ஆனதுலேர்ந்து டிவி முன்னாடியே கிடந்தார். நல்ல கல்லையெல்லாம் வெளியூர்க்காரங்க பொறுக்கிட்டுப் போயிட்டாங்க, வெறுங்கையோட திரும்பவா போகணும்னார். அதான் அவரோட பழைய கல்லையே தினம் ஒண்ணா கொண்டுபோய்ப் போடறேன். அதுல அவர் ஒட்டிவச்ச லேபிளை வெந்நீர்ல ஊறவச்சு எடுத்துடுவேன். இடுப்பு ஆபரேஷன் பண்ணின உடம்போட நான் படற பாடு!"

"அப்புறம் ஏன் திட்டறீங்க?"

"திட்டலைன்னா சந்தேகப்படுவாரே!"

ஒகுபோவுக்குத் தெய்ஜியை நினைத்துப் பாவமாக இருந்தது. கொல்லைப்பக்கம் போனார். தெய்ஜி கல்லின் அடியில் எதையோ நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"என்ன கறை அது?"

"லேபிள் ஒட்டின பசை. நானே காய்ச்சினது. வெந்நீருக்கெல்லாம் போகாது."

ஒகுபோ திகைத்தார். "அப்போ... உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் கல்லுலேயே தெரிஞ்சுபோச்சு. மெதுவாப் பேசுங்க!" தெய்ஜி கண்ணைச் சிமிட்டினார். "தினமும் நடக்கலைன்னா படுத்த படுக்கைதான்னு டாக்டர் அவகிட்ட எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நானும் கெஞ்சினேன். தனக்காக வாசலைத் தாண்டமாட்டேன்னா. எனக்காகன்னா தினமும் ஆறு வரைக்கும் நடக்கறா."

பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

"ஹருயோ! நாளையிலேர்ந்து பாலத்தைத் தாண்டி, அக்கரையில தேடலாம்னு இருக்கேன்!"