தினமும் வியாழன்

"எங்க வீட்டுல ஒரு மாசமா தினமும் வியாழக்கிழமைதான்!" என்று வாசலிலேயே மார்தட்டினான் சாமுலி.

கர்ப்பிணித் தங்கை ஹில்லாவைப் பார்க்க வந்த மின்னா, பனி படிந்த பூட்ஸைக் கழற்றியபடி முறைத்தாள். "குடிச்சிருக்கீங்களா மாப்பிள்ளை?"

"சத்தியமா அக்கா! மீன்ல பாதரசம் இருக்குமோ, சீஸ்ல கிருமி இருக்குமோன்னு ஃபிரிட்ஜைத் திறந்து வெச்சு அழுதுகிட்டே நிப்பா. அவ அழுத அழுகையில பக்கத்து ஏரியே ரெண்டடி ஏறிடுச்சு. எது பிள்ளைக்கு ஆகாதுன்னு யோசிச்சு யோசிச்சே பட்டினி. வியாழன் மட்டும்தான் சாப்பிட்டா."

பின்லாந்தில் வியாழன் என்றால் பள்ளிக்கூடம், பட்டாளம், சிறைச்சாலை எங்கும் பட்டாணி சூப்தான். ஜனாதிபதியே வந்தாலும் எது வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

"அதான் காலண்டரை ஒளிச்சேன். போன்ல கிழமையை மாத்தினேன். அக்கம்பக்கத்துக்காரங்களையும் பொய் சொல்ல வெச்சேன். நம்பிட்டா!"

"என் தங்கச்சி என்ன மக்கா? இப்பவே போட்டு உடைக்கிறேன் பாருங்க." மின்னா சமையலறைக்குள் புகுந்தாள்.

ஹில்லா சூப் குடித்துக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"சொல்லிடாதே அக்கா," என்றாள் மெல்ல. "இன்னிக்குச் செவ்வாய்னு எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். வியாழன்னு அவர் சொன்னாத்தான் தொண்டையில இறங்குது. இல்லேன்னா கரண்டியை எடுக்கலாமா வேணாமான்னுகூட என்னால முடிவு பண்ண முடியல."

"என்ன அக்கா, இப்ப நம்புறீங்களா?" வெளியிலிருந்து சாமுலி கத்தினான்.

மின்னா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா மாப்பிள்ளை, இன்னிக்கு வியாழன்தான்!"