ஒற்றைச் செருப்பு வழக்கு

“ஒத்த சிலிப்பர வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்? எனக்கு ரெண்டு காலு இருக்கு லா” என்று ஹபீபா பீவி கத்த, அதற்கும் மேலே கத்தினாள் ருக்குமணி. ஜெலுத்தோங் அடுக்குமாடியில், எங்கள் ஏழாவது மாடிக் கதவுகள் எல்லாம் திறந்தன. அடுப்பை யார் பார்ப்பது?

ஒரு மாதமாக, வாசலில் கழற்றிவிடும் ஜோடியில் ஒன்று மட்டும் காணாமல் போய்க்கொண்டிருந்தது. ருக்குமணிக்கே இது மூன்றாவது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆள் பிடிபடாவிட்டால் போலீஸ்தான் என்று குடியிருப்புச் சங்கம் சொல்லிவிட்டது.

ருக்குமணி சொன்ன யோசனைப்படி, விசாரணையைக் கடைசி வீட்டுக் கதிர்காமநாதனிடம் ஒப்படைத்திருந்தோம். நாற்பத்தைந்து வருடத்துக்கு முன், வானொலி மர்ம நாடகத்தில் கொலைகாரர்களைப் பிடித்த ‘நிருபர் பரிதி’க்குக் குரல் கொடுத்தவர் அவர்தான். மனைவி இறந்தபின் அந்தக் குரலுக்கு வேலை, லிப்டில் யாராவது கேட்டால் ‘ஏழு’ என்று சொல்வதோடு சரி.

குறிப்பேட்டுடன் வீடு வீடாக வந்தார். நாங்கள் எல்லாரும் ‘அண்ணே’ என்று உட்காரவைத்தோம். ருக்குமணி மட்டும் ‘சார்’ என்றாள். புருஷன் போய்ப் பத்து வருடமாகக் கதவைப் பாதிக்கு மேல் திறக்காதவள், வடை சுட்டுக் கொடுத்தாளாம். அங்கே மட்டும் மூன்று முறை விசாரணை நடந்தது. வடை ருசி போல என்று பேசிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை, நாடகத்தின் கடைசிக் காட்சி போலவே, எல்லாரையும் லிப்ட் முன்னால் கூட்டினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டை மூடினார்.

“நான்தான் எடுத்தன். விசாரிக்கிற சாக்கில நாலு வீட்டில தேத்தண்ணி குடிக்கலாமெண்டு... செருப்பெல்லாம் குப்பையில போட்டிட்டன்.”

சிரிப்பதா, திட்டுவதா? திட்டினோம். அந்த வாரமே அவர் மகன் வந்து, தலைகுனிந்தபடி, புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டான்.

சாமான் ஏற்றிய அன்று ருக்குமணி வெளியே தலைகாட்டவில்லை. சமாதானம் பேசப் போன ஹபீபா பீவி, சோபாவுக்கு அடியில் பதினோரு ஒற்றைச் செருப்புகளைப் பார்த்தாள். தன்னுடைய பச்சையும் அதில் கிடந்தது.

மூன்றாம் முறை வந்தபோதே அவரும் அதைப் பார்த்துவிட்டாராம். ஒன்றும் எழுதாமல், இன்னொரு வடை கேட்டாராம்.

ஏன்டி இப்படிச் செய்தாய் என்று ஹபீபா பீவி கேட்டதற்கு, ருக்குமணி நிமிராமல் சொன்னாள்:

“வேற எப்படிக்கா அந்தக் குரல் என் வீட்டுக்குள்ள வரும்?”